சாமியார் வராத ஊரில் திருநாள் எப்படி நடக்கும்? வீரமாமுனிவர் கண்ட வழி

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிற ஊர் கண்டமங்கலம். அங்கே பஸ் ஏறிக் கிழக்கே போனால் கொஞ்ச நேரத்தில் வில்லியனூர் வந்துவிடும். லூர்து மாதா கோவில் திருவிழா என்றால் சுற்றுவட்டாரமே அங்கேதான் இருக்கும். ஈஸ்டரை ஒட்டி வருகிற திருவிழா என்பதால் தேதி வருஷா வருஷம் மாறும். இந்த வருஷம் எப்போ கொடியேற்றம் என்று கேட்டால், ஈஸ்டர் எப்போன்னு பாருங்க என்றுதான் பதில் வரும்.

அந்த ஈஸ்டர் ஏன் மாறுகிறது, அதற்கு முன்னாடி 40 நாள் ஏன் தவக்காலம், கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்பே ஏன் மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பிக்கிறார்கள்? எல்லாம் திருவழிபாட்டு ஆண்டு என்ற ஒரே ஏற்பாட்டின் பகுதிகள். ஜனவரியில் தொடங்கும் வருஷத்துக்கு உள்ளேயே, வேறு கணக்கில் ஓடும் இன்னொரு வருஷம் அது.

இதை நமக்குப் புரியவைக்க ரோமாபுரி வரைக்கும் போக வேண்டியதில்லை. சுமார் 300 வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, இந்த மண்ணைவிட்டுத் திரும்பிப் போகாத ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். வீரமாமுனிவர் என்றதும் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வரும்: எகர ஏகார எழுத்துச் சீர்திருத்தம், சதுரகராதி, பரமார்த்த குரு கதை. சென்னை மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலையும் வரும். ஆனால் அவர் இதையெல்லாம் எதற்காகச் செய்தார் என்ற கேள்வியைப் பாடப் புத்தகம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர் முதலில் ஒரு பாதிரியார். அவருடைய கையில் இருந்த பிரச்சினை மிக எளிமையானது, மிகக் கஷ்டமானது: வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ மட்டும் சாமியாரைப் பார்க்கிற ஒரு கிராமம், மீதி நாட்களில் எப்படிக் கடவுளோடு வாழும்?

முதலில், அந்த இன்னொரு வருஷம் எப்படி ஓடுகிறது?

கத்தோலிக்கத் திருச்சபையிலும், சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளிலும் ஆண்டு டிசம்பரை ஒட்டித்தான் பிறக்கிறது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். காத்திருக்கும் காலம். பிறகு கிறிஸ்து பிறப்பு, ஜனவரி 6ஐ ஒட்டி மூன்று ராஜாக்கள் திருநாள். அதற்கப்புறம் சில வாரம் இடைவெளி. பிறகு சாம்பல் புதன். பழைய கத்தோலிக்கர்கள் இதை விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு தவக்காலத்தைத் தொடங்குவது வழக்கம்.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். தவக்காலம் 40 நாள்னு சொல்றாங்களே என்று குழம்ப வேண்டாம். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்றால் ஒருசந்தி, கறி மீன் வகையில் கறியைத் தவிர்த்தால் சுத்தபோசனம். இந்த இரண்டு சொல்லும் இன்றைக்கும் பாட்டிமார் வாயில் உயிரோடு இருக்கின்றன. கடைசி வாரம் குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி. பிறகு ஈஸ்டர். அங்கிருந்து 50ஆம் நாள் தூய ஆவி இறங்கி வந்த பெந்தெகொஸ்தே. அதோடு பெரிய திருநாட்களின் வரிசை முடிகிறது. மீதி எல்லாம் பச்சை உடையில் பூசை நடக்கும் பொதுக்காலம். வருஷத்தில் 33 அல்லது 34 வாரம் இதுதான்.

ஈஸ்டர் ஏன் மாறுகிறது என்றால், அது சூரியனையும் சந்திரனையும் சேர்த்துப் பார்த்து வைக்கிற கணக்கு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். பௌர்ணமி பார்த்துத் திருவிழா குறிப்பது நமக்கு ஒன்றும் புதுசில்லை.

ஆக, வருஷத்தில் பெரும்பகுதி எந்தப் பெரிய திருநாளும் இல்லாத பச்சை நாட்கள். வீரமாமுனிவரின் வாழ்க்கையை அந்த நாட்களை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் புரியும்.

இத்தாலியிலிருந்து திருக்காவலூருக்கு

கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். இளம் வயதில் இறந்து புனிதரான அலோசியஸ் கொன்சாகா பிறந்த ஊரும் அதேதான். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்ற கையோடு லிஸ்பனில் கப்பல் ஏறி, 1710இல் கோவாவில் இறங்கினார். அங்கிருந்து தெற்கே மதுரை மிஷன்.

மதுரை மிஷன் என்றால் மதுரை நகரம் மட்டும் அல்ல. திருநெல்வேலிச் சீமை தொடங்கி காவிரி, கொள்ளிடம் தாண்டி வடக்கே நீண்ட பரப்பு. நடுவே பாளையக்காரர்கள், நாயக்கர், மராத்தியர், நவாபு என்று ஆளுக்கொரு ஆட்சி. இவ்வளவு பெரிய பரப்புக்கு இருந்த குருக்கள் மிகச் சிலர். ரோடு கிடையாது, மழைக்காலத்தில் ஆறு தாண்ட முடியாது. அவர் தெற்கே வேலை செய்த தொடக்க வருஷங்களில் பிடித்து அடைக்கப்பட்டு, உயிருக்கே ஆபத்து வந்த சந்தர்ப்பமும் உண்டு.

முதலில் அவருக்கு வைத்த தமிழ்ப் பெயர் தைரியநாத சுவாமி. கொன்ஸ்தான்சோ என்றால் உறுதி குலையாதவர் என்று பொருள். அதன் நேர்ப் பெயர்ப்பு அது. வீரமாமுனிவர் என்பது பிற்பாடு நிலைத்த பெயர். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் படித்தார் என்று மரபு சொல்கிறது. காவி அங்கி, தலைப்பாகை, பல்லக்கு என்று ஊர்ச் சந்நியாசியாகவும் மடாதிபதியாகவும் கலந்து நடந்த அவருடைய தோற்றத்தை, 1822இல் அவர் வரலாற்றைத் தமிழில் எழுதிய முத்துசாமிப் பிள்ளை விஸ்தாரமாக எழுதி வைத்திருக்கிறார். அதில் எவ்வளவு நேரில் பார்த்தவர் சொன்னது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். மூன்றே மாதத்தில் பாரசீகமும் உருதுவும் கற்று, சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்ற கதையும் அந்த வகைதான். கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவே.

அவர் அதிக காலம் தங்கியது கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி. அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுந்தது. விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவில். தமிழ்ப் பெண்ணைப்போல் சேலை உடுத்திய மாதா உருவம் வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பி, பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் செய்து கொண்டுவந்தார் என்று ஊரார் சொல்கிறார்கள். கண்டமங்கலம் பக்கத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகப் போனால் காலையில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் கோணான்குப்பம் சேர்ந்துவிடலாம். வருஷத் திருவிழா ஜனவரியில். கிறிஸ்மஸ் குடில் பிரித்த சூட்டோடு தேர் வந்துவிடும்.

பூசை லத்தீனில், சாமியார் வருஷத்துக்கு ஒருமுறை. அப்புறம் என்ன?

இன்றைக்குத் தமிழில் பூசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டம். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடக்கும் வரைக்கும் கத்தோலிக்கப் பூசை லத்தீனில்தான். சாமியார் வந்தாலும் அவர் பீடத்தில் சொல்வது யாருக்கும் புரியாது. அவரே வருவது வருஷத்தில் சில நாள். வரும்போது பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், கல்யாணம் முடித்துவைக்க வேண்டும். அடுத்த ஊர் காத்திருக்கும். பெரிய வியாழனுக்கு ஓர் ஊரில் இருந்தால் மற்ற அத்தனை ஊர்களிலும் பெரிய வியாழன் சாமியார் இல்லாமலேதான் கழியும்.

அப்போது ஊரைத் தாங்கியவர் உபதேசியார். வேதியர் என்றும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டி மந்திரம் சொல்லவைப்பது, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது, இன்றைக்கு ஒருசந்தி, நாளைக்கு இன்ன திருநாள் என்று நாள் சொல்வது, எல்லாம் அவர் வேலை. சொல்லப்போனால் கிராமத்துக் கிறிஸ்தவனுக்குத் திருவழிபாட்டு ஆண்டு என்பது உபதேசியாரின் ஞாபகம்தான். அவர் தவறவிட்டால் திருநாள் தவறிப்போகும்.

வீரமாமுனிவர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. 1720களின் பிற்பகுதியில் அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூல் இந்த உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்டது. அவர்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற சட்டப் புத்தகமாக மட்டும் அது இருந்திருக்கலாம். அப்படி இல்லை. அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியது என்ன, தன் மனதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் அது நிற்கிறது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த தியான முறை இதற்குப் பின்னால் இருக்கிறது: விவிலியக் காட்சி ஒன்றை மனக்கண்ணில் நிறுத்தி, அதற்குள் தான் நிற்பதாகப் பார்த்து, கடவுளோடு நண்பனிடம் பேசுவதுபோல் பேசி, ராத்திரி தூங்கப் போகுமுன் அன்றைய நாளைத் திரும்பப் பார்ப்பது. ஐரோப்பாவில் மடங்களுக்குள் இருந்த பழக்கத்தை, காவிரிக் கரையில் ஓலைச்சுவடி சுமந்து ஊர் ஊராக நடந்த ஒரு சாதாரண மனிதனின் கையில் கொடுத்தார். தான் ஜெபிக்காதவன் ஊரை ஜெபிக்கவைக்க முடியாது என்பது இதன் கணக்கு.

தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நூலை மொழிநடைக்காகப் புகழ்வார்கள். புகழட்டும். அதைப் படித்த உபதேசியாருக்கு நடை முக்கியமாக இருந்திருக்காது.

சூசையப்பர் பேசவே இல்லையே, அவருக்கு எதற்கு 3,615 பாட்டு?

1726இல் முடிந்த ‘தேம்பாவணி’தான் அவருடைய பெரிய வேலை. 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். கம்பனையும் சிந்தாமணியையும் கரைத்துக் குடித்தவர் எழுதிய காப்பியம் என்று யாரும் சொல்லலாம். கோணான்குப்பத்தில் பெரியநாயகி சந்நிதியில் அரங்கேற்றியதாக மரபு. ஆக்ரேதா நகரத்து மரியா என்ற ஸ்பானியத் துறவி எழுதிய நூலின் தாக்கமும் இதில் உண்டு. பெயருக்கே இரண்டு பொருள்: வாடாத மாலை என்றும் எடுக்கலாம், தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் எடுக்கலாம்.

கதைத் தலைவன் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இயேசு அல்ல, மாதாவும் அல்ல. நம்ம ஊரில் சூசையப்பர் என்கிற யோசேப்பு. அந்தப் பெயருக்கு எபிரேயத்தில் பெருகுதல் என்ற பொருள் இருப்பதால் வளன் என்று தமிழாக்கினார். இன்றைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளன், வளனார் என்ற பெயர்கள் இருப்பது இதனால்தான்.

நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள், யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. கனவு காண்கிறார், எழுந்து சொன்னபடி செய்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார், திரும்பி வருகிறார், நாசரேத்தில் தச்சு வேலை செய்கிறார். அவ்வளவுதான். இயேசு வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய 30 வருஷம் இப்படி ஒரு தச்சர் வீட்டில், எழுத ஒன்றுமே இல்லாத சாதாரண நாட்களாகத்தான் கழிந்தது. திருவழிபாட்டு ஆண்டின் பெரிய நாட்கள் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நடந்த சம்பவங்களைக் கொண்டாடுகின்றன. நடுவில் இருந்த அந்த 30 வருஷத்துக்கு அடையாளம் என்று யாரையாவது வைக்க வேண்டும் என்றால், அது சூசையப்பர்தான்.

உழுது, நெய்து, கூலி வேலை பார்த்துப் பிழைத்த ஜனங்களுக்காக வந்த ஒரு குரு, தன் வாழ்நாளின் பெரிய காப்பியத்துக்கு ஒரு தச்சனை எடுத்தது தற்செயலாக இருக்காது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: தேம்பாவணி அந்தக் கூலிக்காரனுக்குப் புரிகிற தமிழ் அல்ல. புலவர்கள் மெச்ச வேண்டும், இந்தச் சமயமும் உயர்ந்த தமிழில் நிற்கும் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. அவரே 1729இல் உரையும் எழுத வேண்டி வந்தது.

சூசையப்பர் திருநாள் மார்ச் 19. ஈஸ்டர் எவ்வளவு முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும், அந்தத் தேதி தவக்காலத்துக்கு உள்ளேதான் விழும். பரிசுத்த வாரத்தில் விழுந்தால் திருநாளை வேறு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். நோன்பும் துக்கமுமாகப் போகிற காலத்தில் ஒரு நாள் மட்டும் மகிழ்ச்சிக்கு. மார்ச் மாதம் முழுக்க சூசையப்பர் வணக்க மாதம் என்று வீட்டில் ஜெபிக்கிற வழக்கமும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் உண்டு.

சாதாரண ஜனங்களுக்கு அவர் கொடுத்தது வேறு வகை. ‘கித்தேரியம்மாள் அம்மானை’ அப்படி ஒன்று. போர்த்துக்கீசியர் கொண்டாடிய ஒரு மறைசாட்சிப் பெண்ணின் கதையை, பெண்கள் காய் தூக்கிப்போட்டு விளையாடிப் பாடும் அம்மானையில் வைத்தார். ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ பெரிய வெள்ளியின் பாட்டு: மகனை இழந்த தாயின் அழுகை. சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடைக்கல மாதாவுக்குத் ‘திருக்காவலூர்க் கலம்பகம்’. ஒரு பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டால் அதற்குச் சாமியார் வேண்டாம், அச்சுப் புத்தகமும் வேண்டாம். நாற்று நடும்போதும் பாடலாம்.

புதுச்சேரியில் எழுந்த வழக்கு

இவ்வளவு தமிழ்மயமாக்குவது சரியா என்ற கேள்வி அப்போதே பெரிய சண்டையாக இருந்தது. சண்டையின் களம் கண்டமங்கலத்திலிருந்து அரை நாள் நடை தூரத்தில் இருந்த புதுச்சேரி. போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன், 1703இல் புதுச்சேரியில் இறங்கினார். 1704இல் ஓர் ஆணை போட்டார். கிறிஸ்தவர்கள் கட்டுகிற தாலியின் வடிவம், சாம்பல் பூசுவது, பெண் பிள்ளைகள் பெரியவளாகும்போது நடத்தும் சடங்கு என்று பல வழக்கங்களுக்குத் தடை. தாழ்த்தப்பட்டவர் நோயில் கிடந்தால் அவர் வீட்டுக்குள்ளேயே குரு போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருந்தது.

வீரமாமுனிவர் இந்தியாவில் இருந்த காலத்தின் பெரும்பகுதியும் இந்த வழக்கு நடந்தது. 1744இல் 14ஆம் பெனடிக்ட் போட்ட ஆணையோடுதான் முடிந்தது. தூர்னோன் பண்பாட்டைப் புரிந்துகொள்ளாதவர் என்று இயேசு சபை வரலாறுகள் எழுதுகின்றன. பாதி உண்மை. தாலி விஷயத்தில் அவருக்குப் புரியாமல் போயிருக்கலாம். நோயாளி வீட்டு வாசல் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. மேல்சாதியாருக்கு ஒரு குரு, கீழ்ச்சாதியாருக்கு ஒரு குரு என்று பிரித்து வேலை செய்த மதுரை மிஷனின் முறை, ஒரே திருநாளை இரண்டாகக் கொண்டாட வைத்தது. 1745இல் புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் பறையர்களைப் பிரித்து வைத்த சுவரை இடித்ததும், அதனால் எழுந்த கலவரமும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே ஈஸ்டர்தான். நிற்கிற இடம்தான் வேறு. கடவுளோடு தினசரி உறவு என்று பேசும்போது இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. வீரமாமுனிவர் தன் எழுத்துத் திறமையை இந்தச் சுவருக்கு எதிராகத் திருப்பியவர் அல்ல.

நாட்காட்டியே எல்லாருக்கும் ஒன்றாக இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. கத்தோலிக்கரும் பிரெஞ்சுக்காரரும் புதிய கிரகோரியன் கணக்கில் இருந்தார்கள். பக்கத்துக் கடலூர் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை. 11 நாள் வித்தியாசம். கடலூரில் கிறிஸ்மஸ் மணி அடிக்கும்போது புதுச்சேரியில் ஜனவரி 5. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்.

தரங்கம்பாடியோடு மோதல்

அதே காலத்தில் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் வேறு வழியில் போனது. 1706இல் வந்த சீகன்பால்கு அச்சகம் வைத்து, 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார். அவருடைய கணக்கில், கிறிஸ்தவன் தினமும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டும், புத்தகம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும்.

வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ போன்ற நூல்களில் லுத்தரன்களைக் காட்டமாகத் தாக்கினார். அந்தப் பக்கங்களை இன்றைக்குப் படித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. இரண்டு தரப்பும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சாமியார் இல்லாத நாளில் மனுஷன் கையில் என்ன இருக்கும்? தரங்கம்பாடி புத்தகம் என்றது. திருக்காவலூர் பாட்டு, செபமாலை, உபதேசியார் என்றது. எழுத்துத் தெரியாத ஜனங்களிடம் பாட்டு வேகமாகப் போனது உண்மை. வேதத்தைக் கையில் கொடுத்ததில் தரங்கம்பாடி ரொம்பவே முந்தியது என்பதும் உண்மை. புதுச்சேரியிலிருந்து கத்தோலிக்கப் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவர 1857 ஆனது.

இதில் ஒரு தமாஷும் உண்டு. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது, அவர் திட்டித் தீர்த்த அதே தரங்கம்பாடி அச்சகம். ஊர்ப் பேச்சு படிக்க அவர்களுக்கும் அது தேவைப்பட்டது.

இன்றைக்கு அந்த ஏற்பாடு எப்படி இருக்கிறது?

1969இல் கத்தோலிக்கத் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியது. இப்போது ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுற்று. வாரநாட்களுக்கும் தனி வாசகங்கள் உண்டு. பொதுக்காலத்தில் அவை இரண்டு வருஷச் சுற்று. புதன்கிழமை காலை சும்மா கோவில் பக்கம் போனாலும் அன்றைக்கென்று ஒதுக்கிய பகுதி தமிழில் வாசிக்கப்படும். கைபேசியிலும் கிடைக்கும். சி.எஸ்.ஐ. சபைகளும் தங்கள் வாசக அட்டவணையை வைத்திருக்கின்றன. காலை, மத்தியானம், சாயங்காலம் மணி அடித்துச் சொல்லும் திரிகால ஜெபம் சில ஊர்களில் இன்னும் நடக்கிறது, பல ஊர்களில் மணி மட்டும் அடிக்கிறது.

வீரமாமுனிவருக்கு இருந்த பஞ்சம் இப்போது இல்லை. சாமியார் உண்டு, பஸ் உண்டு, புத்தகம் உண்டு, மொழியும் நம்முடையது. கிறிஸ்மஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர், ஊர்த் திருவிழா என்று நாலு நாளோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் எப்போதும்போல உண்டு. தினசரி வாசகம் வாசித்துப் பழகியவர்கள் சொல்லும் அனுபவம் என்னவென்றால், ஆரம்பத்தில் எதுவும் தோன்றாது. தவக்காலம் ஒன்றை முழுசாகக் கடந்த பிறகு வரும் ஈஸ்டர் ராத்திரிப் பூசையில்தான், அந்த இருட்டில் ஒரு மெழுகுவத்தியிலிருந்து இன்னொரு மெழுகுவத்திக்கு நெருப்பு நகரும்போதுதான், முந்தின 46 நாள் எதற்கு என்று விளங்கும். புதுசாகத் தொடங்க நினைப்பவர்கள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பச்சைக் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையில் தொடங்கினாலும் அன்றைய பகுதி இருக்கத்தான் செய்யும்.

கடைசி வருஷங்கள்

1730களின் இறுதியிலிருந்து திருச்சி வட்டாரம் போர்க்களம் ஆனது. 1741இல் மராத்தியர் கோட்டையைப் பிடித்தார்கள், சந்தா சாகிபு கைதியாகப் போனார். வீரமாமுனிவர் தெற்கே நகர்ந்தார். பழைய நூல்கள் அவர் 1742இல் மணப்பாட்டில் இறந்ததாகச் சொல்கின்றன. பிறகு கிடைத்த இயேசு சபை ஆவணங்களின்படி, கேரளத்தில் அம்பலக்காட்டுக் குருமடத்தில் 1747 பிப்ரவரி 4 அன்று இறந்தார். வயது 66.

தேம்பாவணி அதற்குப் பிறகு நூறு வருஷம் ஓலையில்தான் இருந்தது. 1851 முதல் 1853 வரை, காண்டத்துக்கு ஒன்றாக மூன்று புத்தகங்களாக அதை முதலில் அச்சில் கொண்டுவந்தது புதுச்சேரி மிஷன் அச்சகம். அவர் ஊழியம் செய்த மதுரை மிஷனும் அல்ல, அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியும் அல்ல. விழுப்புரம் சாலையின் கிழக்குக் கோடியில் இருக்கிற ஊர்.